பழைய கோல்ஃப் அயர்ன் வாங்குமுன் துருவைப் பாருங்கள்

கீழக்கரைப் பக்கம் கோல்ஃபா என்று சிரிக்க வேண்டாம். இந்தக் கரையில் பல வீடுகளில் ஒருவராவது வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே ஹோட்டலிலோ கடையிலோ புல்வெளிப் பராமரிப்பிலோ வேலை பார்த்தவர்களில் சிலருக்கு அந்த மட்டையைத் தொட்டுப் பார்க்கும் ஆசை வந்துவிடுகிறது. அப்புறம் ஊருக்கு வரும் கார்கோ பெட்டியில் பால் பவுடருக்கும் கம்பளிக்கும் நடுவே, முதலாளி கழித்துக் கொடுத்த பழைய செட் ஒன்றும் வந்து இறங்கும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். துபாயில் ஒரு கிடங்கில் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பயிற்சி மைதானத்தில் ஒரு வாளி பந்து வாங்கி அடித்துவிட்டு அறைக்குத் திரும்புவேன். ஊருக்கு வந்த பிறகும் ஆசை விடவில்லை.

சில மாதங்களுக்கு முன் பக்கத்துத் தெருப் பையன் போனில் ஒரு படம் அனுப்பினான். "காக்கா (அண்ணே), ஒரு செட் சல்லிசா வருது, வாங்கலாமா?" படத்தில் எல்லாம் பளபளவென்று இருந்தது. "பளபளப்பை விடு தம்பி, கைப்பிடி ரப்பர் இருக்கே, கிரிப், அதன் நுனி ஓட்டையைக் கீழே பிடித்து ஒரு வெள்ளைத் தாளில் தட்டிக் காட்டச் சொல்" என்றேன். தாளில் டீத்தூள் மாதிரி துரு கொட்டியது. அவனுக்கு அன்றைக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

செட் வேண்டாம், முதலில் ஒரே ஒரு மட்டை

அயர்ன் என்றால் இரும்புத் தலை வைத்த மட்டை. வழக்கமான செட்டில் 3 முதல் 9 வரை எண் போட்டிருக்கும். அதற்கு மேல், முகம் இன்னும் சாய்ந்த பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ். எண் ஏற ஏற மட்டை குட்டையாகும், முகம் வானத்தைப் பார்த்துச் சாயும், பந்து உயர எழும்பிச் சீக்கிரம் விழும். அந்தச் சாய்வுதான் லோஃப்ட்.

புதிதாக வருகிறவர் 7ஆம் எண் அயர்ன் ஒன்றை மட்டும் வாங்குங்கள். உடைந்த செட்டில் மிஞ்சிய ஒற்றை மட்டைகளைப் பழைய சாமான் விற்கிறவர்கள் கிட்டத்தட்ட சும்மா கொடுப்பார்கள். அதை வைத்து மூன்று மாதம் அடியுங்கள். ஆசை தங்குகிறதா, முதுகு தாங்குகிறதா என்று அதற்குள் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்து முழு செட் வாங்கியவர்களில் பாதிப் பேருடையது இன்று பரணில் கிடக்கிறது.

ஆசை தங்கினால் அடுத்தது 6 முதல் பிட்சிங் வெட்ஜ் வரை, கூடவே ஒரு சாண்ட் வெட்ஜ், பந்தைக் குழிக்குள் உருட்ட ஒரு பட்டர் மட்டை. விதிப்படி ஆட்டத்துக்கு 14 மட்டை வரை கொண்டு போகலாம் என்பது உச்ச வரம்புதான், கட்டாயமில்லை. 3ஆம் எண்ணும் 4ஆம் எண்ணும் புதியவர் கையில் எழும்பாது. "இந்த செட்டில் 3, 4 இல்லை, அதனால் விலை குறைச்சல்" என்று யாராவது சொன்னால் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் வாங்கிவிடுங்கள்.

பின்பக்கம் குழிந்த தலை

மட்டையைத் திருப்பித் தலையின் முதுகைப் பாருங்கள். வழவழவென்று ஒரே தகடாக இருந்தால் அது பிளேடு. நடுவில் குழிந்து ஓரங்களில் மட்டும் கனமாக இருந்தால் கேவிட்டி பேக். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

காரணம் எளிது. காவடித் தண்டின் இரு முனையிலும் கனம் தொங்கினால் அது சட்டென்று திரும்பாது. கனமெல்லாம் நடுவில் இருந்தால் விரலால் தட்டினாலே சுற்றும். பந்து முகத்தின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் தலை கையில் திருகிக்கொள்ளும். ஓரங்களில் கனம் இருந்தால் அந்தத் திருகல் குறையும், தப்பாக அடித்த பந்தும் ஓரளவு நேராகப் போகும். இந்த வழியைப் பரவலாக்கியதில் பெரிய பங்கு ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைமுக்கு உண்டு. 1959இல் வீட்டு கராஜில் ஒரு பட்டர் செய்தார். பந்தில் பட்டதும் 'பிங்' என்று சத்தம் வந்தது, அதையே கம்பெனிக்குப் பெயராக வைத்துவிட்டார். 1982இல் வந்த பிங் ஐ-2 அயர்ன்கள் இன்றும் பழைய சந்தையில் கிடைக்கின்றன, இன்றும் அடிக்கலாம்.

பிங்கின் ஜி வரிசை, காலவேயின் எக்ஸ் வரிசை, பிக் பெர்தா, டெய்லர்மேட் பர்னர், டைட்லிஸ்டில் ஏபி-1, மிசுனோவில் ஜேபிஎக்ஸ் என்று நல்ல பெயர்கள் நிறைய உண்டு. பத்துப் பதினைந்து வருடம் பழைய மாடல் என்றால் தயங்க வேண்டாம். கம்பெனிகள் ஓரிரு வருடத்துக்கு ஒரு புது மாடல் இறக்கிக்கொண்டே இருப்பதால் பழையதின் விலை வேகமாக விழும். ஆனால் எஃகு அவ்வளவு வேகமாக மாறுவதில்லை.

துரு: இங்கேதான் நம் ஊர் குறுக்கே வருகிறது

பெங்களூரில் வாங்குகிறவருக்கு யாரும் இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டார்கள். நமக்குச் சொல்லியாக வேண்டும். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். உப்புக் காற்று அந்த இரும்பை அரித்த கதை மண்டபத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டு, மேலே தனி வகைப் பூச்சும் பூசியிருக்கிறார்கள். அந்தப் பாலத்துக்கே அந்தப் பாடு என்றால், அரை மில்லிமீட்டர் சொச்சம் கனமுள்ள மட்டைக் குழாய், அதாவது ஷாஃப்ட், எம்மாத்திரம்?

தலை இரண்டு விதம். வார்ப்பில் செய்தது பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் எஃகு. அடித்து உருவாக்கியது, அதாவது ஃபோர்ஜ்டு, மென்மையான கார்பன் எஃகு. அதன்மேல் குரோம் முலாம் பூசியிருப்பார்கள். கையில் ஃபோர்ஜ்டுதான் சுகம், சந்தேகமில்லை. ஆனால் முலாம் ஒரு இடத்தில் தேய்ந்தால் போதும், வாடைக்காற்று அடிக்கும் ஒரு கார்த்திகை மாதத்திலேயே அடிப்பக்கம் பழுப்பாகிவிடும். என் முதல் செட் அப்படி ஒரு ஃபோர்ஜ்டு பிளேடுதான். அழகில் மயங்கி வாங்கியது. கடலிலிருந்து இருநூறு மீட்டரில் வீடு, மாடியறையில் ஜன்னலோரம் பையை வைத்திருந்தேன். அடுத்த கோடையில் 8ஆம் எண்ணின் ஷாஃப்ட் அடிக்கும்போதே கழுத்தோரம் முறிந்து தலை பறந்தது. நல்லவேளை, எதிரே வேலிக்கருவைதான் நின்றது. முறிந்த வாயைப் பார்த்தேன். வெளியே வெள்ளி, உள்ளே செம்மண்.

ஆக, கரையோரம் இருப்பவர் வார்ப்பு ஸ்டெயின்லெஸ் தலையே வாங்குங்கள். பாத்திரக் கடையில் எவர்சில்வர் அசலா என்று காந்தம் வைத்துப் பார்ப்பார்களே, அந்தச் சோதனை இங்கே செல்லாது. கோல்ஃப் தலைக்குப் பயன்படும் ஸ்டெயின்லெஸ் வகைகளில் காந்தம் ஒட்டும். தலையில் ஃபோர்ஜ்டு என்று எழுதியிருக்கிறதா, அடிப்பக்க விளிம்பில் முலாம் உரிந்து வேறு நிறம் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஷாஃப்டைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், டியூப்லைட்டில் தெரியாது. கிரிப்புக்குக் கீழே இருந்து தலைவரை நகத்தை மெல்ல ஓட்டுங்கள். மேலோட்டமான பழுப்பு என்றால் அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போய்விடும். நகம் குழியில் தடுக்கினால் அதை விட்டுவிடுங்கள், என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். தலையோடு சேரும் இடத்துக்கு மேலே இரண்டு அங்குலம்தான் முறிகிற இடம், அங்கே இரண்டு தடவை பாருங்கள். பிறகு அந்த வெள்ளைத் தாள் சோதனை. கிரிப்பின் நுனியில் சின்ன ஓட்டை இருக்கும். அதைக் கீழே பிடித்துத் தட்டினால் உள்ளே துரு இருந்தால் கொட்டும். காதோரம் வைத்துக் குலுக்கும்போது கடகடவென்றால் உள்ளே ஒட்டுப்பசை உதிர்ந்து ஓடுகிறது. அது மட்டும் என்றால் ஆபத்தில்லை, எரிச்சல்தான்.

ஷாஃப்ட் தலைக்குள் நுழையும் வாயில் கறுப்புப் பிளாஸ்டிக் வளையம் ஒன்று இருக்கும், ஃபெரூல் என்பார்கள். அது மேலே நகர்ந்து இடைவெளி தெரிந்தால் தலை கழன்று மறுபடி ஒட்டியதாக இருக்கலாம், அல்லது கழலப் போகிறது. ஒரு கையால் தலையையும் மறு கையால் ஷாஃப்டையும் பிடித்துத் திருகிப் பாருங்கள், இம்மி அசையக்கூடாது.

துருவுக்குப் பயந்தால் கிராஃபைட் ஷாஃப்ட் வாங்கலாமே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. கிராஃபைட் துருப்பிடிக்காது, எடையும் குறைவு. ஆனால் பழையதில் கீறலும் வெடிப்பும் இருக்கும். பையில் மற்ற மட்டைகளோடு உரசியே பூச்சு தேயும். பூச்சு மட்டும் தேய்ந்திருந்தால் சரி, நார் தெரிந்தால் வேண்டாம். ஐம்பது தாண்டியவர், தோள்வலிக்காரர், மெல்லிய உடம்புக்காரர் என்றால் இந்தக் கரையில் நான் கிராஃபைட்டையே சொல்வேன்.

ஷாஃப்டின் விறைப்பும் எடையும்

ஷாஃப்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஆர், எஸ், எக்ஸ், ஏ, எல் என்று ஏதாவது எழுத்து இருக்கும். ஆர் வழக்கமானது, எஸ் விறைப்பு, எக்ஸ் அதைவிட விறைப்பு, ஏ முதியவருக்கு, எல் பெண்களுக்கு. புதிய ஆண் ஆட்டக்காரருக்கு ஆர் போதும். பழைய செட்களில் டைனமிக் கோல்ட் எஸ்-300 அதிகம் தட்டுப்படும். நல்ல ஷாஃப்ட்தான், ஆனால் ஒன்று 130 கிராம் வரும். நாற்பது பந்து அடித்ததும் கை சொல்லிவிடும். நிப்பான் என்எஸ் புரோ 950 போன்ற 100 கிராமுக்குள் அடங்கும் எஃகு ஷாஃப்ட் கிடைத்தால் அதைப் பிடியுங்கள்.

நீளத்துக்கு ஒரு அளவு உண்டு. செருப்போடு நிமிர்ந்து நின்று, கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரைவரை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். 34இலிருந்து 37 அங்குலம் வந்தால் வழக்கமான நீளம் பொருந்தும். அதற்குக் கீழே என்றால் கால் அல்லது அரை அங்குலம் குட்டையாக வேண்டும். அதற்காக உடனே வெட்டாதீர்கள். கிரிப்பைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பிடித்தாலே முதல் வருடம் ஓடிவிடும். வழக்கமான ஆண்கள் 7ஆம் எண் 37 அங்குலத்தை ஒட்டி இருக்கும்.

செட்டாக வாங்கினால் எல்லாவற்றையும் எண் வரிசையில் சுவரோரம் நிறுத்துங்கள். படிக்கட்டு மாதிரி ஒவ்வொன்றும் அரை அங்குலம் இறங்க வேண்டும். நடுவில் ஒன்று துருத்தினால் அதன் ஷாஃப்டை மாற்றியிருக்கிறார்கள் அல்லது அது வேறு செட்டிலிருந்து வந்தது. பிங் மட்டைகளில் கழுத்தில் வரிசை எண் பொறித்திருக்கும், எல்லாவற்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். தலையில் ஒரு வண்ணப் புள்ளியும் இருக்கும். ஷாஃப்ட் தரையோடு சேரும் கோணத்தை அது காட்டும். கறுப்பு வழக்கமான கோணம். நீலம், பச்சை நிமிர்ந்த பக்கம், உயரமானவர்களுக்கு. சிவப்பு, ஆரஞ்சு படுத்த பக்கம். நம் உயரத்துக்குக் கறுப்பையோ சிவப்பையோ தேடலாம்.

கோணம் பொருந்துகிறதா என்று பிறகு சோதிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. பந்தில் மார்க்கரால் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். கோடு மட்டையைப் பார்த்தபடி வைத்து அடியுங்கள். முகத்தில் கோடு அச்சாகும். நேராக விழுந்தால் சரி, சாய்ந்து விழுந்தால் கோணம் சரியில்லை. ஐந்தாறு பந்து அடித்துப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள், ஒரே பந்தை நம்பாதீர்கள்.

எண்ணை நம்பாதே, டிகிரியைக் கேள்

பழைய செட்டில் பிட்சிங் வெட்ஜின் லோஃப்ட் 47, 48 டிகிரி. புதியவற்றில் 43, 44. இன்னும் கீழேயும் போகிறார்கள். 7ஆம் எண் முன்பு 34 டிகிரியை ஒட்டி இருந்தது, இப்போது 30க்கும் கீழே வந்துவிட்டது. "என் 7 ரொம்ப தூரம் போகும்" என்று ஒருவர் பீற்றிக்கொண்டால் அது முன்காலத்து 6ஆம் எண்ணாகக்கூட இருக்கலாம். இதில் உங்களுக்கு என்ன கவலை என்றால், சாண்ட் வெட்ஜ் எப்போதும் 54, 56தான். புது செட்டின் 43க்கும் அதற்கும் நடுவில் பெரிய பள்ளம் விழும், அதை நிரப்ப இன்னொரு வெட்ஜ் வாங்க வேண்டி வரும். பழைய செட்டில் அந்தச் செலவை ஓரிரு வருடம் தள்ளிப் போடலாம். பணம் பார்த்துச் செலவழிப்பவருக்குப் பழசே மேல் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முகத்தில் ஓடும் கோடுகள் தேய்ந்திருக்கின்றனவா என்று எல்லாரும் கேட்பார்கள். வெட்ஜில் மட்டும் பாருங்கள், மற்றதில் இப்போதைக்குப் பரவாயில்லை.

எங்கே வாங்குவது

துபாயில் சொந்தக்காரர் இருந்தால் அதுதான் முதல் வழி. பழைய சாமான் விற்கும் டூபிசில் இணையதளத்தில், ஊரைவிட்டுப் போகிறவர்கள் மொத்தமாகக் கழித்துக்கட்டுவார்கள். ஒரு சங்கதி தெரியுமா? 1988இல் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப் புல் போட்டுத் திறக்கும்வரை அந்தப் பக்கம் முழுக்க மணல் மைதானம்தான். குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலைக் கெட்டித்து அதற்கு 'பிரவுன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆட்டக்காரர் கையில் ஒரு துண்டுச் செயற்கைப் புல்லைக் கொண்டு போய், அதன்மேல் பந்தை வைத்து அடிப்பார். அந்தக் காலத்து மட்டை வந்தால் அடிப்பக்கத்தை நன்றாகப் பாருங்கள், மணல் அரம் போட்டது போல் தேய்த்திருக்கும்.

மட்டையை விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், சரக்கில்தான் போட வேண்டும். தலைகளை ஒரு பழைய சாரத்தில் (கைலியில்) சுற்றிக் கட்டச் சொல்லுங்கள்.

உள்ளூரில் என்றால் சென்னை, கோவை, பெங்களூர் கிளப்களில் ஆட்டக்காரரின் பையைச் சுமக்கும் கேடி என்ற உதவியாளர்களிடம் விசாரித்தால் தெரியும், யார் செட் மாற்றுகிறார் என்ற சேதி அவர்களிடம்தான் முதலில் வரும். ஓஎல்எக்ஸிலும் வரும். படத்தை மட்டும் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். கழுத்து, அடிப்பக்கம், ஷாஃப்ட் ஸ்டிக்கர் மூன்றையும் தனித்தனியாகக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல பெயர்களுக்குப் போலிகள் நிறைய. எழுத்தில் வண்ணம் வழிந்திருப்பது, எடை மட்டைக்கு மட்டை ஏறியிறங்குவது, வரிசை எண்ணே இல்லாதது, புத்தம்புது மாடல் நம்ப முடியாத விலைக்கு வருவது, இவற்றில் இரண்டு சேர்ந்தால் நகர்ந்துவிடுங்கள்.

விலை பேசும்போது கிரிப்பைக் கணக்கில் சேருங்கள். ரப்பர் கெட்டித்துப் பளபளப்பாக இருந்தால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஒன்று சில நூறு ரூபாய், எட்டு மட்டைக்குக் கூட்டிப் பார்த்தால் சில சமயம் செட்டின் விலையைத் தொடும். அதைச் சொல்லியே நான் பாதி விலைக்கு இறக்கியிருக்கிறேன். மாற்றுவதை நீங்களே செய்யலாம். பழைய ரப்பரைக் கத்தியால் கிழித்து எடுத்து, இரட்டைப் பக்க டேப் ஒட்டி, கிரிப்பின் ஓட்டையை விரலால் அடைத்து உள்ளே டர்பன்டைன் ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின்மேலும் கொட்டி ஒரே மூச்சில் தள்ள வேண்டும். பாதியில் நின்றால் நின்றதுதான். ஒரு நாள் காய விடுங்கள். அடுப்பங்கரைப் பக்கம் வைத்து மட்டும் செய்யாதீர்கள்.

எங்கே அடிப்பது

எனக்குத் தெரிந்து நமக்குக் கிட்டத்து மைதானம் கொடைக்கானல், 1895இல் தொடங்கிய கிளப். மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல், அங்கிருந்து மலைக்கு இன்னும் அவ்வளவு. ஆக வருடத்துக்கு ஓரிரு தடவைதான். மற்ற நாள் வீட்டுக் கொல்லையில் பந்தைத் தடுக்க ஒரு வலை கட்டி அடிப்பதுதான்.

விசைப்படகு மடி வலையின் கடைசிப் பகுதி, மீன் சேரும் இடம், தடித்த நூலில் சின்னக் கண்ணியாக இருக்கும். கிழிந்துபோய்க் கழித்த துண்டு பாம்பனிலோ மண்டபத்திலோ கேட்டால் கிடைக்கும். கோல்ஃப் பந்தின் குறுக்களவு நாலேகால் சென்டிமீட்டர். கண்ணி அதைவிட நன்றாகச் சின்னதாக இருக்க வேண்டும். செவுள் வலை வேண்டாம், மெல்லிய நூல், பந்து அறுத்துக்கொண்டு போய்விடும். இரண்டு பனங்கழிகளுக்கு நடுவில் தளர்வாகத் தொங்கவிடுங்கள். இழுத்துக் கட்டினால் பந்து உங்கள் மேலேயே திரும்பி வரும். வெயிலில் நூல் பொடியும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையால் இழுத்துப் பாருங்கள். காலடியில் மணலில் வைத்து அடிக்காமல் தென்னை நார் மிதியடி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், அடிப்பக்கம் பிழைக்கும்.

வற்றிய கண்மாயில் அடிக்கலாம், ஆடு மேய்க்கிறவர் இல்லாத நேரம் பார்த்து. கடலைப் பார்த்து மட்டும் அடிக்காதீர்கள். நம் தென்கடலான மன்னார் வளைகுடாவில் கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது, பந்து பவளப்பாறையில் போய்த்தான் கிடக்கும்.

வீட்டில் வைப்பது

அடித்து முடித்ததும் நல்ல தண்ணீரில் துடையுங்கள். நம் பக்கத்துக் கிணறு, போர் எல்லாம் உவர்ப்பு. அதில் கழுவுவது கழுவாமல் விடுவதைவிட மோசம். குடிக்கப் பிடித்து வைத்த காவிரித் தண்ணீரில் ஒரு டம்ளர் போதும், ஒரு துணியை நனைத்துத் துடைத்து, காய்ந்த துணியால் ஒத்தி எடுங்கள். எஃகு ஷாஃப்டில் வாரம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவலாம். கிரிப்பில் படக்கூடாது. தலைக்கு உறை போட்டு வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், உறைக்குள் ஈரமும் உப்பும் தங்கி ஊறும். பையைக் கடல் பார்த்த ஜன்னலில் வைக்காமல் உள்ளறையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பி செட்டை விட்டுவிட்டு ஒற்றை 7ஆம் எண் ஒன்றை வாங்கினான். பிங், கறுப்புப் புள்ளி, கிரிப் மட்டும் செத்துப் போயிருந்தது. போன வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு இரண்டு பேரும் என் கொல்லையில் உட்கார்ந்து அதை மாற்றினோம். முதல் தடவை பாதியில் சிக்கிக்கொண்டது. கிழித்துவிட்டு இன்னொன்று போட்டோம்.